எட்வர்ட்ஸ் டாக்ஸி

எங்கள் கம்பெனிக்கு எட்வர்ட்ஸ் என்று பெயர்.
எட்வர்ட்ஸ் என்று ஒருவரும் கிடையாது.
மஹ்ரூஃப் என்று போட்டால் போன் வராது என்று
பலகை எழுத வந்தவனே சொன்னானாம்.
அப்பா அந்த யோசனைக்கும் சேர்த்துக்
காசு கொடுத்தார்.

கீத்லி, எண்பத்தொன்பதாம் வருஷம்.
ஐந்து கார்கள், ஒரு கேஸ் ஹீட்டர்,
குண்டூசி குத்திக் குத்திக் கிழிந்த ஊர்ப்படம்.
போன் எடுப்பது நான். எனக்குப் பதினொரு வயது.
அப்பா எடுத்தால் வைத்துவிடுவார்கள்.
அல்லது வைக்காமல்
அவர் பேசியதை அவருக்கே பேசிக் காட்டுவார்கள்,
பின்னால் யாராவது சிரிக்க.

என்னிடம் வேறு குரல் இருந்தது,
டெலிவிஷனில் வானிலை சொல்லும் பெண்ணிடம் எடுத்தது.
"எட்வர்ட்ஸ் மகளாம்மா நீ?" என்று
வெள்ளிக்கிழமைதோறும் ஒரு கிழவி கேட்பாள்.
ஆமாம் என்பேன்.
காரில் ஏறியதும் அவள் அப்பாவிடம்,
"லேட்டாக வருகிறாய், எட்வர்ட்ஸிடம் சொல்லப்போகிறேன்" என்பாள்.
"சொல்லுங்க, கட்டாயம் சொல்லுங்க" என்பார்.

வயர்லெஸ்ஸில் மட்டும் அவர் அவராக இருந்தார்.
டூ மினிட், லவ். டூ மினிட்.
பன்னிரண்டு நிமிடம் என்று அதற்குப் பொருள்.
அந்த லவ் மீர்ப்பூரிலிருந்து வந்ததில்லை.
கம்பளி மில்லில், ராத்திரி ஷிப்டில்,
பக்கத்து மிஷின் டோரீன் கொடுத்தது.
பால்காரனுக்கு லவ், போலீஸ்காரனுக்கு லவ்.
ஆபீஸ் கண்ணாடியை உடைத்த பையனைப்
பிடித்து உட்கார வைத்தபோதும்
"வை, லவ்? வை?" என்றுதான் கேட்டார்.

பதினாலில் எனக்குக் குரல் உடைந்து
அப்பாவின் குரல் வந்து உட்கார்ந்தது.
போன் தங்கை ரிஃப்அத்திடம் போயிற்று.

ஸ்கூல் பஸ்ஸில் அந்நாளில் ஒரு விளையாட்டு.
தலையை ஆட்டி, நாக்கை மடித்து
எங்கள் ஆட்கள் மாதிரிப் பேச வேண்டும்.
எல்லாரையும்விட நான்தான் நன்றாகச் செய்வேன்.
பஸ்ஸைத் தாண்டி அப்பாவின் கார் போகும்,
ஜன்னல் இறங்கியிருக்கும்.
கேட்டாரா, தெரியாது.
கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டார்.

இன்று லீட்ஸில் ரெக்கார்டிங்.
பாக்கெட்டில் வரும் பருப்புக்கு விளம்பரம்,
இரண்டே நிமிடத்தில் தயார்.
இயக்குநர் நல்ல பையன்.
ஷஃபாகத் என்ற என் பெயரை
என் டீச்சர்கள் யாரும் சொல்லாத அழகில் சொன்னான்.
"கேலி எல்லாம் வேண்டாம் சார், அந்தக் காலம் போச்சு.
உங்க அப்பா பேசுற மாதிரி,
வீட்டுக் குரல்."

செருமிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு
டூ மினிட், லவ் என்றேன்.
ஹீட்டர் வாசனை வந்துவிட்டது.
எனக்கே கொஞ்சம் நேரம் பிடித்தது, கண் திறக்க.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கூடிப் பேசினார்கள்.
"பிரமாதம் சார். ஆனா அந்த லவ்...
ரொம்ப யார்க்‌ஷயரா இருக்கு.
இன்னும் கொஞ்சம் அசலா?"

அசலாக.
பஸ் குரலை எடுத்தேன்,
தலையாட்டலைக் கழித்துவிட்டு
வெந்நீரில் கழுவின மாதிரி மரியாதையாக.
"இதேதான்!" என்று எழுந்தே நின்றுவிட்டான்.
கையெழுத்துப் போட்டேன். நல்ல காசு.

வெளியே மழை.
போனில் கார் சொன்னேன். பெயர் டெஸ்ஃபாய்,
எரித்ரியாக்காரனாக இருக்கும்.
படத்தில் கார் ரவுண்டானாவைச்
சுற்றிச் சுற்றி வந்தது.
பிறகு அழைத்தான், சின்ன வயதுக் குரல்.

"டூ மினிட், லவ்."

பன்னிரண்டு நிமிடம் நனைந்தேன்.
கதவைத் திறந்ததும்
எட்வர்ட்ஸிடம் சொல்லப்போகிறேன் என்றேன்.
"யாரு சார் அது?" என்றான்,
வைப்பரை ஓடவிட்டபடி.